சேர்த்ததைப் பாருங்கள்

நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போகிறவர்கள் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது முதலில் சொல்வது, "அதை விட்டுட்டாங்களே!" என்பதுதான். 2022இல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் விட்டுப்போனவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நாவலில் வருகிற மணிமேகலை கடைசிவரை வரவில்லை என்று தெரிந்ததும் மனிதர் கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

கல்கியின் ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்குகிறவர் விடத்தான் செய்வார். எனக்கு உறுத்தியது சேர்த்தது. கல்கி ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வேடிக்கை பார்த்துக்கொண்டு குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறார். படத்தை மணிரத்னம் ராஷ்டிரகூடர் போர்க்களத்தில் தொடங்குகிறார். வாசகன் ஆற அமரச் சோழநாட்டுக்குள் நுழையலாம் என்றிருந்த இடத்தில், டிக்கெட் வாங்கியவன் எழுந்து போய்விடுவானோ என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாற்பது வருடம் வரிசையில் நின்று படம் பார்த்த ரசிகன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. என் அளவுகோலும் ஒன்றுதான். விட்டதை மன்னித்துவிடுவேன், சேர்த்ததை உரசிப் பார்ப்பேன்.

தமிழில் கதை படமானது பெரும்பாலும் வாரப் பத்திரிகை வழியாகத்தான். கல்கியின் 'தியாக பூமி' 1939இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் வந்தபோது கதை விகடனில் தொடராக ஓடிக்கொண்டிருந்தது. ஓவியத்துக்குப் பதில் படத்தின் ஸ்டில்களையே அதில் போட்டார்கள். இந்தப் பரம்பரையில் மூலத்துக்கு விசுவாசம் என்றால் வாசகர் மனத்தில் ஏற்கெனவே பதிந்த முகத்துக்கு விசுவாசம் என்று அர்த்தம்.

அதன் உச்சம் 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் விகடனில் எழுதியது, படங்கள் கோபுலு. என் அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தார். பக்கங்களின் பின்னால் சோப்பு விளம்பரமும் பாதி ஜோக்கும் இருக்கும். கடைசி நாலைந்து வாரத்துத் தாள்கள் எப்படியோ தொலைந்துபோயின. அம்மாவுக்கு மோகனாம்பாள் கதை முடிந்தது தியேட்டரில்தான்.

ஏ.பி. நாகராஜன் கதையில் நிறையக் கழித்தார். சேர்த்தது சத்தத்தை. மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் அது. சிவாஜி வாசிக்கவில்லை என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் அந்தக் கன்னம் உப்புவதையும், மூச்சு முடிகிற இடத்தில் கண் ஒரு கணம் மேலே செருகுவதையும் பார்த்துவிட்டு யாரும் அதை நினைப்பதில்லை. பக்கத்தில் தவிலோடு பாலையா. தொடரில் வாசகர் மனத்துக்குள் மட்டும் கேட்டதைக் காதுக்குக் கொண்டுவந்தார்கள். சேர்ப்பு என்றால் இது சேர்ப்பு.

சுஜாதா வாசகர்களின் வயிற்றெரிச்சல் தனிக்கதை. லண்டனில் நடக்கிற அவருடைய 'ப்ரியா' 1978இல் படமானபோது சிங்கப்பூருக்குப் போய்விட்டது. ரஜினி நடித்த வக்கீல் கணேஷுக்குப் பாட்டும் சண்டையும் சேர்ந்தன. ரஜினி ரசிகனாக விசில் அடித்தேன், கணேஷ் ரசிகனாகத் தலைகுனிந்தேன். இரண்டும் ஒரே காட்சியில்.

எழுத்தாளரே படத்தில் கைவைத்த வழிக்கு ஜெயகாந்தன்தான். 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை 1965இல் தானே இயக்கினார். பாராட்டு வந்தது, கூட்டம் வரவில்லை. ஆனால் அவருடைய பெரிய தழுவல் சினிமாவுக்கு முன்பே தாளில் நடந்துவிட்டது. 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, 'நீ சுத்தமாகிவிட்டாய்' என்கிற மாதிரி முடித்துவிடுகிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1977இல் பீம்சிங் படமாக்கியபோது வசனமும் ஜெயகாந்தனுடையது. கங்காவாக வந்த லட்சுமிக்குத் தேசிய விருது. சேர்க்க வேண்டியதை எழுத்தாளரே சேர்த்து முடித்திருந்ததால் பீம்சிங் கேமராவை முகங்களுக்கு அருகில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருத்தல் எளிதல்ல.

நேர் எதிர்த் திசையில் மகேந்திரன். 1979இல் வந்த 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து வந்தது என்று டைட்டிலில் இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. கதையில் சுந்தரவடிவேலு நகரத்துப் பேராசிரியர். படத்தில் ஆற்றங்கரைக் கிராமத்தில் எல்லோரையும் நோகடித்து வாழ்கிற மனிதன். தாயில்லாப் பிள்ளைகள் என்ற நோவு ஒன்றைத்தான் அங்கிருந்து எடுத்தார். மீதியெல்லாம் சேர்ப்பு. கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கச் சொல்லும்போது, உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே என்கிற பொருளில் பேசிவிட்டு இறங்குகிறான். புதுமைப்பித்தன் எழுதவேயில்லை. ஆனால் இப்படி ஊரார் முகத்தில் அடிக்கிற குசும்பு அவருடையதுதான். சொல் மாறி, ஆள் மாறி, ஊர் மாறியும் எழுத்தாளரின் குணம் எப்படி உள்ளே வந்தது என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

வெற்றிமாறனிடம் வரும்போது என் அளவுகோலே ஆட்டம் காண்கிறது. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. கொலை செய்துவிட்ட சிறுவன் சிதம்பரம், அவனோடு அய்யா, இருவரும் ஒளிந்து திரியும் சில நாட்கள், அவ்வளவுதான் கதை. அதிலிருந்து 2019இல் வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' அப்பனை நடுவில் வைத்து, சிவசாமி என்று பெயரிட்டு, செருப்பு, பஞ்சமி நிலம், குடிசை எரிப்பு என்று முன்கதை ஒன்றை முழுதாகச் சேர்த்தது. தியேட்டரில் என்னை உலுக்கியது அந்த முன்கதைதான், மறுக்கமாட்டேன். ஆனால் அது வந்து உட்கார நாவலில் இருந்த அமைதி எழுந்து இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓடுகிற இருவரும் காட்டில் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டு, பழைய பேச்சுப் பேசி, பையன் தூங்க, அய்யா விழித்திருக்கும் பக்கங்கள் அவை. கரிசல் மண்ணின் சூடு அங்கேதான் இருக்கிறது. அந்த ராத்திரிகளை மட்டும் யாராவது எடுத்தால், பாட்டு இல்லை, சண்டை இல்லை என்று போஸ்டரிலேயே போட்டாலும், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் நிற்பேன்.