அனுமதி பெற்ற சிரிப்பு

பீப்பாயின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறான் ஒரு தடியன். தலையில் மணிமுடி இல்லை. இறைச்சிப் பணியாரம் ஒன்று கவிழ்ந்திருக்கிறது. கையில் ஈட்டி இல்லை. பன்றித் தலை செருகிய இரும்புச் சலாகை இருக்கிறது. அவனுக்கு எதிரே, எலும்பும் தோலுமாய் ஓர் உருவம். துறவி ஒருவரும் கன்னியாஸ்திரீ ஒருவரும் இழுத்துவரும் சக்கரப் பலகையின்மேல் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது. அதன் தலையிலே தேன்கூடு. கையிலே ரொட்டி சுடுவோரின் நீண்ட துடுப்பு. துடுப்பின் முனையிலே மீன் இரண்டு. இருவரும் மோதப் போகிறார்கள்!

பீட்டர் புரூகல் 1559-ஆம் ஆண்டு தீட்டிய ஓவியம் இது. இன்று வியன்னாக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கார்னிவலுக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் போர் என்பதே அதன் பெயர். இடப்புறம் சாராயக் கடை, வலப்புறம் தேவாலயம், நடுவிலே கிணறும் சந்தையும். பலகை முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட மாந்தர்!

நம் ஊர்களில் ராட்டினமும் கொட்டகையும் வந்து இறங்கினால், 'கார்னிவல் வந்திருக்கிறது' என்கிறோம். சொல்லின் பிறப்பு வேறு. இறைச்சியை விலக்குதல் என்ற பொருளுடைய இத்தாலிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது என்பர் மொழியறிஞர். ஈஸ்டர் பெருநாளுக்கு முன் கத்தோலிக்கர் கடைப்பிடிக்கும் தவக்காலம் 40 நாள். ஞாயிறுகளையும் எண்ணினால் 46. திருநீற்றுப் புதனன்று நெற்றியிலே சாம்பல் இட்டுத் தொடங்குவது. இடைக்கால ஐரோப்பாவில் அந்நாட்களில் இறைச்சி மட்டுமன்று, முட்டையும் பாலும் வெண்ணெயும்கூட விலக்கப்பட்டிருந்தன. (காசு கொடுத்தால் வெண்ணெய்க்கு விலக்கு நீங்கும்! பிரான்சு நாட்டு ரூவான் பேராலயத்தின் கோபுரம் ஒன்றுக்கு வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.) ஆகவே, புதன் வருமுன் உள்ளதையெல்லாம் தின்று தீர்ப்பது வழக்கமாயிற்று. தீனியோடு முகமூடி வந்தது. ஆடவனுக்குப் பெண்ணுடை வந்தது. கோமாளிக்கு அரசப் பட்டம் கிடைத்தது. குருமாரும் கேலிக்கு உள்ளாயினர். எல்லாம் செவ்வாய் நள்ளிரவு வரையில்!

இந்த ஓவியத்தைப் பாராட்டுவோர், புரூகல் இருபுறத்தையும் சமமாகக் காட்டினார், ஒரு பக்கமும் சாயவில்லை என்பர். திறமையை நாமும் வியக்கிறோம். ஆனால், போர் என்கிறார்களே, அதைத்தான் ஏற்க மனம் வரவில்லை. போர் என்றால் வெல்வது யார் என்பது முன்கூட்டித் தெரிந்திருக்கலாகாது. இப்போரின் முடிவோ பஞ்சாங்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது! எந்தப் புதனன்று தடியன் பீப்பாயிலிருந்து இறங்க வேண்டும் என்பதைத் திருச்சபை கணித்து வைத்திருக்கிறது. நாள் குறித்தவன் எப்படி எதிரியாவான்? தின்பதற்கு இசைவு தந்ததும் தின்னாதிருக்கக் கட்டளையிட்டதும் ஒரே கை.

பள்ளி ஆண்டு விழாவிலே மாணவன் ஒருவன் தலைமையாசிரியரைப் போலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கனைத்துக்கொண்டு, பிரம்பைச் சுழற்றி நடித்துக் காட்டுகிறான். மன்றம் அதிரச் சிரிக்கிறது. முன்வரிசையில் தலைமையாசிரியரும் சிரிக்கிறார். மறுநாள் காலை மணி அடித்ததும் பிரம்பு யார் கையில் இருக்கிறது என்பதை ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அறியாதவர் அல்லோம்.

புரூகலுக்கும் இது தெரிந்தே இருந்தது என்று தோன்றுகிறது. சதுக்கத்தின் நடுவே கணவனும் மனைவியும் போலும் இருவர் நமக்கு முதுகு காட்டி நடக்கின்றனர். பட்டப்பகலில் தீவட்டி ஏந்திய கோமாளி ஒருவன் அவர்களுக்கு வழிகாட்டுகிறான். பெண்ணின் முதுகிலே ஒரு விளக்கு தொங்குகிறது, ஏற்றப்படாமல். கடைக்குப் போவாரா கோயிலுக்குப் போவாரா என்று ஓவியர் சொல்லவில்லை.

இனி, கார்னிவலைப் பற்றி இக்காலத்தில் பெரிதும் பேசப்படும் நூலுக்கு வருவோம். ரஷ்ய அறிஞர் மிகயீல் பக்தின், பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயைப் பற்றி எழுதிய ஆய்வு அது. 1928-இல் கைதாகி, கஜகஸ்தானத்துக்கு நாடு கடத்தப்பட்டு, ஒரு காலையும் இழந்தவர் அவர். 1940-இல் எழுதி முடித்த ஆய்வேடு 1965-இல்தான் மாஸ்கோவில் நூலாயிற்று. கார்னிவல் மக்கள் பார்க்கும் காட்சியன்று, மக்கள் வாழும் வாழ்வு; அங்கே ஆடுவோர் வேறு, பார்ப்போர் வேறு என்ற பிரிவில்லை; அச்சத்தைப் போக்கி, உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்ற ஏணியைக் கவிழ்க்கும் சிரிப்பு அது என்பது அவர் முடிபு. ஸ்டாலின் ஆட்சியில், வாய்திறந்து சிரிக்கவும் அஞ்சவேண்டிய காலத்திலே எழுதியவர் என்பதை நினைக்கும்போது அந்த ஏக்கத்தின் ஆழம் விளங்குகிறது. (இன்று ரியோ நகரில், 1984-இல் திறக்கப்பட்ட நீண்ட அரங்கிலே, சீட்டு வாங்கிக்கொண்டு படியில் அமர்ந்து கார்னிவலைக் காண்கிறார்கள். நோன்பும் இளைத்துவிட்டது, 1966-இல் போப் ஆறாம் பால் விதிகளைத் தளர்த்தினார். அதன் வழி வந்த இன்றைய சட்டத்தில் கட்டாய உண்ணா நோன்பு நாட்கள் இரண்டே.)

ஏக்கத்தை மதிக்கிறோம். எனினும், எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள் என்ற முடிபை எப்படி ஒப்புவது? ரோம் நகரம் ஒப்பவிடாது.

1466-இல் போப் இரண்டாம் பால், கார்னிவல் பந்தயங்களைத் தம் மாளிகைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். ஓட்டப் பந்தயம் நடந்ததாலேயே அத்தெருவுக்குக் கோர்சோ என்று பெயர் வழங்கிற்று. அங்கே குதிரைகள் ஓடின. கழுதைகள் ஓடின. எருமைகள் ஓடின. அந்த வரிசையிலே யூதரும் ஓடவேண்டும்! நாளடைவில் அது வெறும் வதையாக முடிந்தது. இருபுறமும் கூடிய கூட்டம் கூச்சலிட்டது, கையில் கிடைத்ததை எறிந்தது, வயிறு குலுங்கச் சிரித்தது. போப் ஒன்பதாம் கிளமெண்ட் 1668-இல் அதை நிறுத்தினார். கருணை என்கிறீர்களா? ஓடாமலிருப்பதற்காக யூத சமூகம் ஆண்டுதோறும் 300 ஸ்கூடோ கட்டவேண்டும் என்றார்கள்.

இதுவும் கார்னிவல்தான், இதுவும் மக்களின் சிரிப்புத்தான். ஏணி கவிழவில்லை. கடைசிப் படியில் நின்றவனை இன்னும் கீழே மிதித்தது. பக்தினின் நூலிலே இச்சிரிப்புக்கு உரிய இடம் இல்லை. அதுவே அந்நூலின் பெருங்குறை என்போம்.

அப்படியானால் சிரிப்பைக் கண்டு மேலோர் அஞ்சியதே இல்லையா? அஞ்சியிருக்கிறார்கள். பிரான்சின் தோஃபினே பகுதியில் ரோமான் என்றொரு சிற்றூர் உண்டு. ரோம் நகரோடு மயங்க வேண்டா. 1580-ஆம் ஆண்டுக் கார்னிவலில் அவ்வூர்க் கைவினைஞரும் உழவரும் துடைப்பமும் வாருகோலும் ஏந்தித் தெருவில் ஆடினர். ஏழைகளின் பொருளைத் தின்று செல்வர் கொழுத்தனர், அதைத் திருப்பித் தரவேண்டும் என்பதே ஆட்டத்தின் பொருள். வரிச்சுமையால் வெந்திருந்த ஊர் அது. அவர்களின் தலைவன் ழான் செர்வ், போமியே என்று அழைக்கப்பட்ட துணித் தொழிலாளி. செல்வர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் வேடம் கட்டினர், கௌதாரி ராஜ்யம் என்று தமக்கொரு விளையாட்டு அரசு அமைத்தனர். பிப்ரவரி 15-ஆம் நாள் இரவு, நீதிபதி அந்துவான் கெரானின் கூட்டத்தார் போமியேயைக் கொன்றனர். தொடர்ந்து மற்றவர்களுக்கு விசாரணை நடந்தது, தூக்கும் நடந்தது. லெ ரோய் லதுரி என்ற வரலாற்றாசிரியர் 1979-இல் வெளியிட்ட நூலில் இக்கதையை விரித்துரைத்திருக்கிறார். ஆடியவர்கள் விளையாட்டை மெய்யென்று கொள்ளத் தொடங்கியதும் அனுமதிச்சீட்டு கிழிக்கப்பட்டது.

இதற்கு 58 ஆண்டு முன்னர் ஜூரிக் நகரிலே நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1522, மார்ச் மாதம், தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அச்சகம் நடத்திய கிறிஸ்டோஃப் பிரோஷாவர் என்பவரின் வீட்டில் ஒரு சிறு விருந்து. புகையூட்டிய இறைச்சிக் குழல் இரண்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் பகிர்ந்து உண்டனர். முகமூடி இல்லை, மேளம் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு, அவ்வளவே! நகர மன்றம் பதறியது, பிரோஷாவர் பிடிபட்டார். அவர் சொன்ன விடை நம் நெஞ்சைத் தொடுகிறது. ஃபிராங்க்பர்ட் சந்தைக்குள் நூலை அச்சிட்டு முடிக்க இரவும் பகலும் உழைக்கிறோம், கூழை மட்டும் குடித்து இவ்வளவு வேலை செய்ய இயலாது, எந்நாளும் மீன் வாங்கக் கையில் பொருளும் இல்லை என்றார். விருந்தில் உடனிருந்த போதகர் ஸ்விங்லி ஒரு துண்டும் வாயில் இடவில்லை. ஆனால் இரு வாரத்துக்குள் மேடையேறி, உணவை விலக்கும் கட்டளை மனிதர் விதித்தது, அதைக் கொள்வதும் தள்ளுவதும் அவரவர் விருப்பம் என்று முழங்கினார். சுவிட்சர்லாந்தில் சமயச் சீர்திருத்தம் இதிலிருந்து தொடங்கியதென்பது வழக்கு.

கார்னிவல் செவ்வாயன்று ஊர் முழுவதும் மலைபோல் தின்ற பன்றிக்கறியால் ஒரு மன்றமும் பதறியதில்லை. அதே இறைச்சி, சில நாள் கழித்து, இரண்டே குழல்!

புரூகலின் ஓவியத்தில் இன்னொன்று இருக்கிறது. தடியன் பக்கத்திலும் நொண்டிகள், பிச்சைக்காரர்கள். அவர்களை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. தேவாலயத்தின் பக்கத்திலும் பிச்சைக்காரர்கள். அங்கே செல்வர் காசு போடுகிறார்கள். வரைந்தபோது இப்பலகையில் பிணமும் இருந்தது. பின்னாளில் யாரோ அதன்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். எவருக்கு அது கண்ணை உறுத்திற்றோ! புரூகலின் மகன் தந்தையின் ஓவியத்தைப் பார்த்து எழுதிய படியிலே, பூசி மறைக்கப்பட்டது இன்னும் தெரிகிறது.