தாயும் செவிலியும்

ஜான் பௌல்பி என்னும் ஆங்கிலேய மனோதத்துவ மருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்திற்கு ஓர் அறிக்கை எழுதியளித்தார். 1953இல் அது பொதுமக்களுக்குரிய சிறு நூலாகவும் வெளிவந்தது. மழலைப் பருவத்தில் தாயின் இடையறாத அன்பைப் பெறாத பிள்ளையின் உள்ளம், சத்துணவு பெறாத உடலைப் போல் நலிவுறும் என்பதே அதன் சாரம். பிற்காலத்தில் அவர் மூன்று பெருந்தொகுதிகளாக விரித்துரைத்த பிணைப்புக் கொள்கைக்கு இதுவே வித்து. நூலின் பெயரையும் அறியாதோர் இன்று அதன் வாதத்தை எடுத்தாளுகின்றனராதலின், அதனை உரைத்துப் பார்த்தல் தகும்.

முதலில் அதன் பெருமை. பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டரை வயதும் நிரம்பாத சிறுமியொருத்தி அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருப்பதை உள்ளவாறே காட்டும் படம் அது. அழாமல் கிடக்கும் பிள்ளையைச் சமர்த்து என்று மெச்சுவது உலக வழக்கம். அவ்வடக்கமும் துயரத்தின் ஒரு வடிவமே என்று இவர்கள் காட்டினர். பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டுமென 1959இல் பிளாட் குழு பரிந்துரைத்ததில் இவர்தம் உழைப்புக்கும் பங்குண்டு. இதற்காக அவர்களை எத்தனை பாராட்டினும் தகும்.

ஆயினும் காட்டிய சான்று ஒன்று, கொண்ட முடிவு வேறொன்று. அனாதை இல்லத்துப் பிள்ளை இழந்தது தாயை மட்டுமன்று. தந்தையை, உடன்பிறந்தாரை, வீட்டை, நிலையாகத் தூக்கி வளர்க்கும் கைகள் அனைத்தையும் இழந்தது. அக்கேட்டினைத் தாயின் பிரிவு என்னும் ஒரே கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. மைக்கேல் ரட்டர் 1972இல் இக்கலப்பைப் பிரித்துக் காட்டினார். பௌல்பியின் துணைவரான மேரி எயின்ஸ்வொர்த் 1954-55இல் உகாண்டாவின் சிற்றூர்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளை நேரில் கவனித்தார். அங்கே தாயோடு தந்தை, பாட்டி முதலியோரையும் குழந்தைகள் பற்றி நின்றன.

பௌல்பியின் இளமையே அவருக்கு மறுமொழி. நாளில் சிறிது நேரமே தாயைக் காணும் மேட்டுக்குடி வீட்டில் அவர் வளர்ந்தார். நான்கு வயதளவில் தம்மை வளர்த்த செவிலி வேலையை விட்டு நீங்கியதையே பெருந்துயராக நினைவு கூர்ந்தார். தமிழ் மரபு நற்றாயையும் செவிலியையும் தாய் என்றே அழைக்கிறது. பாலூட்டிய ஹலீமா நாயகியாரை நாம் அறியோமா?

நம் மார்க்கம் இவற்றையெல்லாம் அன்றே சொல்லிவிட்டது என மார்தட்டுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஃபிக்ஹு கடமையையும் உரிமையையும் பேசுவது, ஆய்வுக்கூடக் குறிப்பன்று. எனினும் ஹிளானத் எனும் பிள்ளை வளர்ப்புரிமைச் சட்டம் தாயை முதலிடத்தில் வைத்து, அவளோடு நின்றுவிடாமல் தாயின் தாய் முதலாக வரிசை வகுக்கிறது. ஹிஜ்ரி 7இல் ஹம்ஸா (ரலி) அவர்களின் அனாதை மகளை வளர்க்க அலீ, ஜஅஃபர், ஜைத் (ரலி) மூவரும் உரிமை கோரினர். ஜஅஃபரின் மனைவி அச்சிறுமியின் தாயுடன் பிறந்தவர். சிற்றன்னை தாயின் நிலையினள் என்று கூறி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கே பிள்ளையை அளித்தார்கள்.

தலாக்கிற்குப் பின் பிள்ளை யாருக்கு என்று ஜமாஅத்தில் வழக்குரைப்போர் வயதை எண்ணுகின்றனர். ஹனஃபிகள் ஆண்பிள்ளைக்கு ஏழு என்பர், ஷாஃபியீகள் பகுத்தறியும் பருவத்தில் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்வர். அதுவரை அப்பிள்ளை எவர் மடியில் உறங்கியது, நாளை எவரைக் காணாமல் வாயடைத்துக் கிடக்கும் என்று அச்சபையில் கேட்பார் அரியர். பௌல்பியின் நூலில் பாதியைத் தள்ளினும், இக்கேள்வியைத் தள்ள இயலாது.