அபியும் நானும்: தந்தைமையின் நகைச்சுவை

அபியும் நானும் (2008) ராதாமோகன் இயக்கிய தமிழ்த் திரைப்படம். பிரகாஷ்ராஜ் இதைத் தயாரித்து, தந்தை ரகுராமனாகவும் நடித்தார். மகள் அபியாக த்ரிஷாவும் தாய் அனுவாக ஐஸ்வர்யாவும் நடித்தனர். இசை வித்யாசாகர். தந்தையாவதை நகைச்சுவையாக அணுகிய தமிழ்ப் படங்களில் குறிப்பிடத்தக்கது.

கதைச்சுருக்கம்

பூங்காவில் சந்திக்கும் ஓர் இளம் தந்தையிடம் (பிருத்விராஜ்) ரகுராமன் தன் மகள் வளர்ந்த கதையைச் சொல்கிறார். பள்ளிச் சேர்க்கை, சைக்கிள், மேற்படிப்புக்காக டெல்லிக்குச் செல்லுதல் என ஒவ்வொரு கட்டத்திலும் மகள் ஓர் அடி முன்னே செல்கிறாள். தந்தை பதறுகிறார். கடைசியில் அவள் சீக்கிய இளைஞரான ஜோகிந்தர் சிங்கை (கணேஷ் வெங்கட்ராமன்) மணக்க விரும்புகிறாள்.

நகைச்சுவையின் இயல்பு

தமிழ் நகைச்சுவைப் படங்களில் தந்தை பெரும்பாலும் ஏமாற்றப்படுபவர். காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் டி.எஸ். பாலையா நடித்த விஸ்வநாதன் அதற்குச் சிறந்த உதாரணம். அவ்வை சண்முகி (1996) படத்தில் தந்தையே ஏமாற்றுகிறார். மகளின் அருகே இருப்பதற்காகப் பெண்வேடம் போடுகிறார். இரண்டிலும் சிரிப்பு சூழ்ச்சியிலிருந்து பிறக்கிறது. அபியும் நானும் படத்தில் சூழ்ச்சி இல்லை. பயம் மட்டுமே இருக்கிறது. சைக்கிளில் போகும் மகள் விழுவதில்லை, அவளை எண்ணித் தந்தைதான் தடுமாறுகிறார். வளர வேண்டியவர் அவரே என்பதுதான் படத்தின் நகைச்சுவை.

மலைநகரம்

படத்தின் களம் ஒரு மலைநகரம். தமிழ்நாட்டில் மலைநகரம் என்பது விடுதிப் பள்ளியையும் குறிக்கும். ஏற்காட்டில் 1917 முதல் மான்ஃபோர்ட் பள்ளி இயங்குகிறது. சேர்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பிள்ளையை விட்டுவிட்டு, தனியே இறங்கிய பெற்றோர் பல தலைமுறையினர். இப்படத்தில் அது தலைகீழாகிறது. பிள்ளை மலையிறங்கிப் படிக்கப் போகிறாள். தந்தை மலையில் தனித்து நிற்கிறார்.

குறைகள்

அபியின் முடிவுகள் எல்லாமே சரியாக அமைகின்றன. ஜோகிந்தரும் பிரதமரே ஆலோசனை கேட்கும் அளவுக்கு உயர்ந்தவராகக் காட்டப்படுகிறார். அதனால் ரகுராமனின் விட்டுக்கொடுத்தல் எளிதாகிவிடுகிறது. மாப்பிள்ளை மாதச் சம்பளக்காரராக, சில குறைகளும் உள்ளவராக இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? மகள் தவறாகவே முடிவெடுத்தாலும் அது அவளுடைய முடிவு என்ற இடத்துக்குப் படம் போகவில்லை.

இன்னொரு குறை அனு. கணவர் பதறும்போதெல்லாம் அவள் நிதானமாக இருக்கிறாள், சிரிக்கிறாள், சமாதானம் சொல்கிறாள். மகளைப் பிரியும் வலி அவளுக்கும் உண்டு. ஆனால் அவள் கதையைப் பூங்காவில் யாரும் கேட்பதில்லை. தந்தைமை கற்றுக்கொள்ள வேண்டியது, தாய்மை பிறவியிலேயே வருவது என்ற பழைய எண்ணத்தின் மேல்தான் இந்தச் சிரிப்பு நிற்கிறது.

மதிப்பீடு

அதட்டும் தந்தையும் தியாகம் செய்யும் தந்தையும் நிறைந்த தமிழ்த் திரையில், பயப்படும் தந்தையை இப்படம் முன்வைத்தது. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு கதை சொல்பவராக அவரை அமைத்தது ராதாமோகனின் சாதனை. அதே பயத்தையும் சிரிப்பையும் அனுவுக்கும் தந்திருந்தால், இது தந்தையைப் பற்றிய படமாக நின்றுவிடாமல் பெற்றோரைப் பற்றிய படமாகியிருக்கும்.