செம்மை செய்வோரும் தணிக்கை செய்வோரும்

நூல்களைத் தணிக்கை செய்யும் குரு ஆள் பார்த்துத் தீர்ப்பிடலாகாது என்றும், தம் கருத்தை எழுத்தில் தரவேண்டும் என்றும் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 830-ஆம் பிரிவு விதிக்கிறது. அனுமதி மறுக்கப்படின், காரணத்தை ஆசிரியருக்குத் தெரிவித்தாகவேண்டும். 'தடையேதுமில்லை' என்னும் அவ்வொப்புதல் விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் மட்டுமே பொறுப்பு, தமிழுக்கு அன்று. நம் பக்தி நூல்களை வாசித்தோர் இதனை நன்கறிவர்!

தமிழுக்குப் பொறுப்பேற்பவர் செம்மையாளர், அதாவது எடிட்டர். கோவையில் கைப்பணம் செலவிட்டு நூல் அச்சிடும் அன்பர்கள் பலர், மெய்ப்புத் திருத்தியதும் செம்மை முடிந்தது எனக் கருதுகின்றனர். மெய்ப்புத் திருத்துபவர் ஒற்று மிகுந்ததா, கால் விடுபட்டதா எனப் பார்ப்பார். செம்மையாளரோ, 'இந்த அதிகாரம் இங்கே ஏன்? இவள் இப்படிப் பேசுவாளா?' எனக் கேட்பார்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலை 1994-இல் வெளியிட்டது க்ரியா. 1974-இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 2020-இல் மறையும்வரை, ஆசிரியரோடு அமர்ந்து வரிவரியாகக் கேள்வி எழுப்புவதையே பதிப்புப் பணியாகக் கொண்டிருந்தார். அந்நாவலின் ஆரோக்கியம், புதிரை வண்ணார் குலத்துக் கத்தோலிக்கப் பெண். நம் ஆலயங்களின் கடைசி வரிசையில் நின்றோரை இத்தனை அருகிலிருந்து காட்டிய தமிழ் நாவல்கள் சிலவே. அது வெளிவந்தபோது தலித் விமர்சகர்களிடையே கடும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்துக்கு அஞ்சிக் கூர்மையை மழுக்கியிருந்தால் அது தணிக்கையாகியிருக்கும். ஆரோக்கியத்தின் வட்டாரப் பேச்சும் நாவலில் அப்படியே நிற்கிறது.

கொங்கு எழுத்தாளர்க்கு இது முக்கியம். ஆர். சண்முகசுந்தரம் 1942-இலேயே 'நாகம்மாள்' வழியாக நம் பேச்சை நாவலுக்குள் கொணர்ந்தார். இன்றும் 'ஒடக்கான்' என்பதை 'ஓணான்' என்றும், 'அப்புச்சி' என்பதைத் 'தாத்தா' என்றும் மாற்றிவிட்டுத் திருத்தம் என்பார் உளர். அப்புச்சி தாயின் தந்தை மட்டுமே. தாத்தா என்றதும் அவ்வுறவின் பாதி போய்விடுகிறது. பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000-இலேயே வந்துவிட்டதால், சொல் தெரியாது என்று சாக்குச் சொல்ல இடமில்லை. அதே வேளையில், ஒருமை பன்மை மயக்கத்தையும் வட்டார வழக்கு எனச் சாதிக்கும் ஆசிரியர்களும் உளர். ஊரார் வாயில் வழங்குகிறதா, இவர் தாளில் மட்டுமே உள்ளதா எனக் கேட்டால் தெரிந்துவிடும்.

தனித்துப் பணிபுரியும் செம்மையாளர் ஊதியத்தையும், எத்தனை முறை வாசிப்பது என்பதையும், இறுதி முடிவு ஆசிரியருடையதே என்பதையும் முன்னதாக எழுதிக்கொள்வது நலம். ஆசிரியரும் பதிப்பாளரின் ஒப்பந்தத்தைப் படித்தே கையொப்பமிட வேண்டும். உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிடில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதனை ஐந்தாண்டு எனவே கொள்ளும். 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல் அப்பாதுகாப்பைப் பறித்துவிடும்.

அணிந்துரை கேட்டுக் கையெழுத்துப் படியுடன் வருவோரிடம், இதை வேறு யார் வாசித்தார் என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலோர் அச்சகத்தாரின் பெயரையே சொல்கின்றனர்.