பழுதறி நூல்களின் சொல்லாட்சி

பயன் கருதி எழுதப்பெறும் உரைநடையை நம் திறனாய்வாளர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. கதையும் நாடகமும் ஆராயப்பெறும் அளவிற்குக் கருவிநூல்கள் ஆராயப்பெறவில்லை. பெருங்கட்டடங்களின் குளிர்பதனக் கருவிகளில் உணரியோ மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையோ பழுதுற்றால், அதனைக் கண்டறிதற்கு எழுதப்பெறும் குறிப்புகளின் தமிழை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. யான் அறிந்த சுவடியறை ஒன்றில் ஏடுகளைக் காத்தற்கு இத்தகைய கருவி நிறுவப்பெற்றிருந்தது. மழைக்காலத்து ஒருநாள் அதன் முகப்பில் பிழைக்குறி தோன்றிற்று. வழிகாட்டி நூலில் அக்குறிக்கு நேரே, 'அறை வெப்ப உணரி பழுது. மாற்றுக' என்று இருந்தது. பழுதுபார்ப்பவர் அவ்வாறே மாற்றினார், குறி மறைந்தது. சில நாள் கழித்து மீண்டும் தோன்றிற்று. இங்ஙனம் மூன்று உணரிகள் மாறின. இடைப்பட்ட நாள்களில் முகப்பு 22 பாகை செல்சியஸ் காட்ட, சுவரிலிருந்த பாதரச வெப்பமானி 26 பாகை காட்டிற்று. சில சுவடிக் கட்டுகளில் பூஞ்சணம் படர்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. உணரிகளில் குறையே இல்லை. கம்பியைப் பலகையோடு இணைக்கும் செருகியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உணரியை மாற்றும்போதெல்லாம் செருகியைக் கழற்றி மாட்டியதால் சில நாள் தொடர்பு சீர்ப்பட்டது. அதனைப் புதிய உணரியின் பயன் என்றே அனைவரும் கருதினோம்.

இனி அத்தொடரை நோக்குவோம். பலகை அறிவது யாது? தன் முனைகளுக்கிடையே உள்ள மின்தடை எல்லை கடந்தது என்பது ஒன்றே. உணரி, கம்பி, செருகி, பலகை ஆகிய நான்கனுள் குற்றம் எதன்கண் உள்ளது என்பதை அஃது அறியாது. 'உணரிச் சுற்றின் அளவு எல்லை கடந்தது' என்பது காண்டல். 'உணரி பழுது' என்பது கருதல். கருதலைக் காண்டல்போல எழுதியதே அவ்வழிகாட்டியின் பெருங்குற்றம். ஏட்டில் ஒரு பாடம் பொருந்தாதவிடத்துப் புலவர் பிழைத்தார் என உடனே துணியாது, படியெடுத்தோர் கையையும் ஏட்டின் சிதைவையும் முதற்கண் ஐயுறுவது நம் பதிப்பாசிரியர் மரபு. அம்மரபு இங்கும் வேண்டப்படும்.

பிழைக்குறி தோன்றாத நாள்களே மிகுந்த தீங்கு செய்தன. இவ்வகை உணரி தெர்மிஸ்டர் எனப்படும். வெப்பம் ஏற ஏற இதன் மின்தடை குறையும். களிம்பால் ஏறக்குறைய 2 கிலோ ஓம் தடை கூடியதும், பலகை அறையை நான்கு பாகை குளிர்ந்ததாக எண்ணிக் கம்ப்ரசரை முன்னதாகவே நிறுத்திற்று. அளவு எல்லைக்குள் இருந்தமையால் குறி எழவில்லை. 'குறி இல்லையேல் பழுது இல்லை' என்று அந்நூல் கூறியது முற்றும் பொருந்தாது.

நன்னூலார் பத்துக் குற்றம் வகுத்தார். அவற்றுள் குன்றக்கூறல் இந்நூல்களில் மலிந்துள்ளது. 'உணரியின் தடை 10 கிலோ ஓம்' என்பர். எவ்வெப்பநிலையில் என்று கூறார். 25 பாகையில் 10 கிலோ ஓம் உடைய தெர்மிஸ்டர் வகைகள் பல. பெருவழக்கான இரண்டனுள், 0 பாகையில் ஒன்று 32 கிலோ ஓமையும் கடக்கும். மற்றொன்று 30-ஐ எட்டாது. ஓரிடத்து ஒத்தமை பற்றி இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் தவறு.

மயங்கவைத்தல் என்னும் குற்றத்திற்குத் 'திறந்த சுற்று' என்னும் மொழிபெயர்ப்பே சான்று. குழாயைத் திறந்தால் நீர் ஓடும். சுற்று 'திறந்தால்' மின்னோட்டம் நின்றுவிடும். தமிழ் வழக்கிற்கு நேர்மாறான பொருளைச் சொல்மேல் ஏற்றியதன் விளைவு இது. தொழிலாளர் 'கட்டாயிடுச்சு' என்பது இதனினும் தெளிவுடைத்து. 'அறுந்த சுற்று' என்றிருப்பின் மயக்கம் இல்லை. 'உணரி' என்னும் சொல்லோ 'மண்வெட்டி'போல இயல்பாக அமைந்தது, அதனைப் போற்றலாம்.

'அளவு இல்லை' என்னும் தொடரும் இத்தகையதே. அழுத்த உணரிகள் சில 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் தருவன. அளக்கும் எல்லையின் கீழ்முனை சுழியழுத்தமாயின், அதற்கும் 4 மில்லியாம்பியர் உண்டு. மின்னோட்டமே சுழியாயின், அழுத்தம் இல்லை என்று பொருளன்று. கம்பி அறுந்திருக்கலாம், அல்லது உணரிக்கு மின்சாரம் செல்லாதிருக்கலாம். கருவியை அமைத்தோர் சுழியையும் இன்மையையும் பிரித்துவைக்க, நூல் எழுதினோர் இரண்டையும் ஒரே தொடரில் அடக்கிவிட்டனர்.

அச்சுவடியறை வழிகாட்டியை யான் திருத்தியபோது, 'மாற்றுக' என்பதை நீக்கி இங்ஙனம் எழுதினேன்: 'மின்சாரத்தை நிறுத்துக. செருகியைக் கழற்றிக் களிம்பு உளதா என நோக்குக. உணரியின் தடையை மல்டிமீட்டரால் அளந்து, அவ்வேளை அறையில் நிலவும் வெப்பத்திற்குரிய அட்டவணை எண்ணோடு ஒப்பிடுக. ஒத்திருப்பின், பலகை முனைகளில் 10 கிலோ ஓம் தடையொன்றை இணைத்து மின்சாரம் தருக. முகப்பு 25 பாகை காட்டின் பலகை நன்று. கம்பியையும் செருகியையும் ஆராய்க.'