திணைமயக்கமும் ஊரின் புத்துயிரும்

நலிந்த தொழிலூர் ஒன்று மீண்டும் சிறப்புறுங்கால் அது ‘புத்துயிர் பெற்றது’ என்றல் இக்கால வழக்கு. புதிய கட்டடங்கள் எழுதல் மட்டுமே புத்துயிர் ஆகுமோ? இவ்வினாவைத் தமிழரின் திணைக்கோட்பாடு கொண்டு ஈண்டு ஆராய்வாம். திட்டக்குடியை அடுத்தோடும் வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டை இதற்குத் தக்க சான்றாம்.

கிழக்கிந்தியக் கும்பினிப் பணியினின்றும் விலகிய சோசையா மார்சல் ஹீத் என்பார், 1830ஆம் ஆண்டளவில் அவ்வூரில் மேனாட்டு முறையிலான இரும்பாலை ஒன்றை நிறுவினார். தாது சேலத்துப் பகுதியினின்று வந்தது. உலைக்கு வேண்டும் கரி காட்டு மரங்களை எரித்துப் பெறப்பட்டது. வார்ப்பிரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. அணிமைக் காடுகள் குறையவே கரி அரிதாயிற்று, செலவு மிக்கது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் உலைகள் அவிந்தன.

இதனைத் திணைநிலையில் நோக்குவோம். குறிஞ்சியின் தாதும் முல்லையின் மரமும் நெய்தற்கரையில் ஒருங்கு கூடின. உரிப்பொருள் அல்லாத பிற மயங்குதலைத் தொல்காப்பியனார் உடன்படுவர். ஆயின் செய்யுளில் ஒரு நிலத்துப் பூ பிறிதொரு நிலத்திற்குச் செல்லப் பொருட்செலவு இல்லை, காடும் அழிவதில்லை. வாழ்க்கையில் இரண்டும் உண்டு. ஆலையின் வீழ்ச்சிக்கு முதற்குறை போன்ற பிற காரணங்களும் உளவேனும், கரி முட்டுப்பாடு அவற்றுள் தலையாயது என்பதை மறுத்தற்கில்லை.

1961இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு நிலையம் அவ்வூரில் தோன்றியது. கழிமுகமும் மீனும் இறாலும் அலையாத்திக் காடும் ஆய்வுப் பொருளாயின. உலைக்களம் பிற நிலங்களின் கருப்பொருளை எரித்து வாழ்ந்தது. ஆய்வு நிலையமோ நெய்தலின் கருப்பொருளைக் கற்று வாழ்கின்றது. கழிமுகம் கெடின் அக்கல்வியும் கெடும். ஆதலின் காத்தல் ஈண்டுக் கடமை மட்டுமன்று, தேவையும் ஆகும். இவ்வகையில் இதனைப் புத்துயிர் என்றல் பொருந்தும்.

எனினும் ஒரு குறை உண்டு. முதலும் கருவும் அமைந்தும் உரிப்பொருள் அமையவில்லை. நெய்தற்குரிய உரிப்பொருள் இரங்கல் அன்றோ? உலைமுன் நின்றோர், கரி சுட்டோர், தாது சுமந்தோர் ஆகியோர்க்கு இரங்கிய தமிழ்ச் செய்யுளோ புனைகதையோ யாம் கண்டிலம். புகாரைக் கடல் கொண்டமையை மணிமேகலை மறவாது கூறிற்று. பரங்கிப்பேட்டையின் உலை அவிந்தமையை யாம் அயலார் ஆவணங்கட்கே விட்டுவிட்டோம்.

செருமனியின் எசன் நகரில் 1986இல் மூடப்பெற்ற சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கத்தை இடித்தொழிக்காது பேணினர். 2001இல் அஃது உலக மரபுச் சின்னமாயிற்று. அங்கே பழைய தொழிலின் நினைவே புதுவாழ்வின் அடித்தளம். நமக்கு அத்துணைப் பெரிய கட்டடங்கள் வேண்டுவதில்லை. வெள்ளாற்றங்கரை முதியோர் நாவில் உலை, கரி, தாது பற்றிய சொற்களும் கதைகளும் எஞ்சியிருப்பின், அவை மறையுமுன் தொகுத்தல் வேண்டும். அறிவியலார் தம் பங்கைச் செய்துள்ளனர். எஞ்சிய இரங்கல் தமிழ் பயில்வார் கடன். அக்கடனை ஆற்றும் வரை அவ்வூரின் புத்துயிர் நிறைவெய்தாது என்பதே எம் துணிபு.