அசுணத்தின் செவியும் ஆய்வுக் கருவியும்

சங்க நூல்களில் அசுணம் என்றோர் உயிர் பேசப்படுகிறது. இனிய இசையில் மயங்கி நிற்குமாம். பறையொலி கேட்டால் உயிர் விடுமாம். அதைப் பறவை என்பாரும் உளர். விலங்கு என்பாரும் உளர். அண்மையில் ஷா ஆலத்தில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் பேசிய நண்பர் ஒருவர், விலங்குகளின் கேள்வித்திறனை ஆராயும் அறிவியலை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்பதற்கு அசுணமே சான்று என்றார். அவையோர் கைதட்டினர். என் கை எழவில்லை. காரணம் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

வாயில்லா உயிர் ஒன்று ஒலியைக் கேட்கிறதா என அறிவது எளிதன்று. பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர், தாம் செய்த கருவியொன்றை 1883இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். கைத்தடியின் நுனியில் மிக உயர்ந்த ஒலி எழுப்பும் சிறு விசில். பிடியின் கீழே ரப்பர்க் குழாய். அதை அழுத்தினால் விசில் ஒலிக்கும். விலங்குக் காட்சிசாலையில் அதனை விலங்கின் செவியருகே நீட்டி, தடிக்கு அது பழகும்வரை காத்திருந்து, பின்னரே ஒலி எழுப்பினார். அந்தப் பொறுமை பாராட்டத்தக்கது. ஆயினும் ஒரு குறை உண்டு. செவியை நிமிர்த்திய விலங்கு கேட்டது எனலாம். நிமிர்த்தாதது கேட்கவில்லை என எவ்வாறு துணிவது? கேட்டும் பொருட்படுத்தாதிருக்கலாம் அன்றோ?

இக்குறையைப் பின்வந்தோர் நீக்கினர். அமெரிக்காவில் ஹெஃப்னர் இணையர், ஆசிய யானை ஒன்றைத் தும்பிக்கையால் விடை காட்டப் பழக்கி, சரியான விடைக்குப் பரிசளித்துச் சோதித்தனர். அது நொடிக்கு 17 அதிர்வு முதல் ஏறத்தாழ 10,500 அதிர்வு வரை கேட்டது என 1980இல் அறிவித்தனர். மனிதச் செவியோ 20,000 வரை எட்டும்.

இத்தகைய சோதனையில் கருவியே பொய் சொல்லக்கூடும். ஒலியைத் திடீரெனத் தொடங்கினால் 'டக்' என்றோர் ஓசை எழும். தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்பினால் உயர்ந்த ஒலிகளும் உடன் கலந்து வரும். விலங்கு அவற்றுக்கு விடை காட்ட, நாம் ஏமாறுவோம். ஆதலின் ஒலி மெல்ல எழுந்து மெல்ல அடங்க வேண்டும். விலங்கின் செவி இருக்கும் இடத்திலேயே அதன் அளவைக் கணிக்க வேண்டும். இடையிடையே ஒலியே எழுப்பாமலும் சோதிக்க வேண்டும். அப்பொழுதும் 'கேட்டேன்' என்று விடை வந்தால் அச்சோதனை பயனற்றது.

அசுணத்தை இவ்வாறு எவரும் சோதித்திலர். புலவர்களுக்கு அந்த நோக்கமும் இல்லை. அகநானூற்றில், யானையின் மதநீரை மொய்க்கும் வண்டொலியை யாழென எண்ணி அசுணம் செவிசாய்க்கிறது. நற்றிணையில், இன்பமும் துன்பமும் தரும் தலைவன் மார்புக்கு அசுணத்தைக் கொல்வோர் கை உவமையாகிறது. இவை மனித உள்ளத்தை அளந்த பாட்டுகள். இவற்றை ஆய்வுக்கூடச் சான்றாக்கினால் கவிதையும் கெடும், அறிவியலும் கெடும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை? பல ஆண்டுகட்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுவன் மந்தமாக இருந்தான். பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பினான். செவியில் குறையில்லை, கவனந்தான் இல்லை என்று முடிவு கட்டினேன். ஓராண்டு கழித்து மருத்துவர் சோதித்தபோது, இரு செவியும் பெரிதும் பழுதுற்றிருப்பது தெரிந்தது. அன்று அவன் திரும்பியது, சுவரில் விழுந்த என் நிழலைக் கண்டு.

சோதிக்காத முடிவுக்குக் கைதட்ட என்னால் இயலாமற் போனது அதனால்தான்.